நீ பிறக்குமுன் உன்மேல் போட்ட பழி

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை தீர்மானித்தேன். தசரா முடிந்து நீயும் பத்மாவும் பெங்களூர் போய் மூன்று வாரமாகிறது. இந்த மூன்று வாரமும் நான் பள்ளிக்கூடத்தில் ஒளிவிலகல் பாடம் நடத்தினேன், பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், உன் அம்மா போட்ட காப்பியில் சிக்கரி அதிகம் என்று சண்டை பிடித்தேன். உன் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. உண்மையில் என் மௌனத்துக்கு வயது மூன்று வாரம் அல்ல. அது உன்னைவிட இரண்டு மாதம் மூத்தது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விஜயதசமியன்று மத்தியானம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. யானை ஊர்வலம் பார்க்கப் போகவேண்டும் என்று சீக்கிரமே இலை போட்டாகிவிட்டது. என் அண்ணா, அதாவது உன் பெரியப்பா, வழக்கம்போல நடு இலையில் உட்கார்ந்துகொண்டார். பத்மா இரண்டாம் சாதத்துக்குச் சாத்தமுது எடுத்து வந்தாள். "என்ன பத்மா, கல்யாணமாகி ரெண்டு தசரா ஆயிடுத்தே! அடுத்த வருஷமாவது யானை பார்க்க நம்மாத்துலேர்ந்து ஒரு பொடிசு வருமோன்னோ?" என்றார் அவர். அவள் தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் விடட்டுமா பெரியப்பா?" என்றாள். நீதான் பதில் சொன்னாய். "அவ வாத்தியார் வேலைக்கு பி.டி. முடிக்கணும், எனக்கும் வேலை நிரந்தரமாகணும். மூணு வருஷம் போகட்டும்னு இருக்கோம் பெரியப்பா." அவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "டெல்லியிலேதான் ஐந்தாண்டுத் திட்டம் போடறான்னு பார்த்தா நம்மாத்துலயும் போட்டாச்சா! ஏண்டா, அணை கட்டறதுக்கா திட்டம் போடறேள்? பஞ்சாங்கம் பார்க்கற விஷயத்துக்கெல்லாம் காலண்டர் பார்க்க ஆரம்பிச்சுட்டா!" என்றார். உன் அம்மா, "சாப்பிடறச்சே என்னடா பேச்சு இது" என்று உன்னைத்தான் அடக்கினாள், அவரை அல்ல. அப்போது நீ என் பக்கம் பார்க்காமல் அதைச் சொன்னாய். "எனக்குக் குழந்தை வேண்டாம்னு இல்லை. ஆனா அப்பா என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அப்படி நான் என் குழந்தையைப் பார்த்துடக் கூடாது. அந்தப் பயம் போகட்டும்."

நான் மோர் கேட்டேன். அதுதான் என் பதில்.

அதற்குப் பின் ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். அடுத்த வாரம் பேச்சைத் தொடங்கிவைத்த உன் பெரியப்பாமேல் கோபமாக இருந்தேன். அது எனக்குப் பழக்கமான கோபம், அதில் ஒரு சௌகரியம் உண்டு. மூன்றாவது வாரம் கோபிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. நீ மூன்று வருஷம் தள்ளிப்போடு, முப்பது வருஷம் தள்ளிப்போடு, அது நீயும் பத்மாவும் பேசி முடிவு செய்யவேண்டியது. ஆனால் அந்த முடிவுக்கு நீ காரணமாகச் சொன்னது என்னை. இன்னும் சரியாகச் சொன்னால், நான் உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த ஒரு கதையை. அந்தக் கதை பொய் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொய்யை நம்பி நீ உன் வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் செய்தாலும் சரி, செய்யாமல் விட்டாலும் சரி, அந்தப் பாவம் என்னைச் சேரும். அதனால் எழுதுகிறேன்.

நீ அறிந்த கதை இது. நான் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறினேன். என் பேராசிரியர் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு இடம் வாங்கித் தந்தார். போயிருந்தால் இன்று நான் எங்கேயோ இருந்திருப்பேன். அதற்குள் கல்யாணம், சாந்தி முகூர்த்தம், வயிற்றில் நீ. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தங்கிவிட்டேன். அதன்பின் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம், சாக்பீஸ் தூசி. இதைத்தானே இத்தனை வருஷமும் கேட்டு வந்திருக்கிறாய்?

இதில் முதல் பாதி உண்மை. எங்கள் அப்பா காலமானபின் வீட்டுக்குப் பெரியவர் அண்ணாதான். உன் அம்மாவை எனக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். அவள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் பிறந்தகத்தில் இருந்தாள். என் கடைசிப் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் அண்ணா சாந்தி முகூர்த்தத்துக்கு நாள் குறித்தார். என்னைக் கேட்கவில்லை. பெண்டாட்டியோடு எப்போது குடித்தனம் தொடங்குவது என்பதை அந்தக் காலத்தில் புருஷனைக் கேட்கிற வழக்கமில்லை. பெண்ணைக் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "பரீட்சை இருக்கே அண்ணா" என்றேன். "பரீட்சை வருஷா வருஷம் வரும். இந்த மாதிரி லக்னம் வருமா? இந்த ஆத்துல ஒரு குழந்தை அழற சத்தம் கேக்கணும்டா, அவ்வளவுதான்" என்றார். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அப்போது குழந்தையில்லை. மன்னி, உன் பெரியம்மா, எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் சமையலறையிலேயே இருப்பாள். அந்த வீட்டில் தொட்டில் ஆடவேண்டும் என்பதற்காக என் நாள் குறிக்கப்பட்டது. நீ பிறந்து பதினோராம் நாள் புண்ணியாகவாசனத்தன்று உன்னை மடியில் வாங்கிக்கொண்டவர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்தும் நான் இளகவில்லை. பரீட்சையில் முதல் வகுப்பு வந்ததே, பின் என்ன குறை என்று நீ கேட்கலாம். குறை குறைதான். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சாதுவாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

பொய் அதற்கு அப்புறம் வருகிறது. கல்கத்தாவில் பூஜை விடுமுறை முடிந்ததும் ஐப்பசியில் நான் போய்ச் சேரவேண்டும். உன் அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்காகப் பிறந்தகத்தில் இருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, "போயிட்டு வாங்கோ. ரெண்டு வருஷம்தானே? குழந்தை எங்க ஓடிப்போறது?" என்றாள். பதினாறு வயதுப் பெண் அவ்வளவு தைரியமாகச் சொன்னாள். என் மாமனார், உனக்கு நினைவில்லாத உன் தாத்தா, டிக்கெட் வாங்கினார். கல்கத்தாவில் குளிர் ஜாஸ்தி என்று எங்கோ கேட்டுவந்து கம்பளிக் கோட்டுக்கூடத் தைத்துக் கொடுத்தார். ஆக, யாரும் என்னைத் தடுக்கவில்லை. குழந்தை தடுக்கவே இல்லை.

என்னைத் தடுத்தது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. அங்கே நடக்கிற வேலை இது, படித்துக்கொண்டு போ என்று பேராசிரியர் கொடுத்திருந்தார். ஒன்பது நாள் படித்தேன். ஒன்றரைப் பக்கம் புரிந்தது. இந்த ஊரில் நான்தான் முதல். அங்கே என்னைப்போல ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு முதல் வந்து உட்கார்ந்திருக்கும். அதில் நான் கடைசி என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மைசூரில் வண்டி ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டி போகும்போது படுக்கையை அருகே இழுத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி நின்றதும் என் மாமனார் ஜன்னலருகே ஓடிவந்து புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினார். நான் அதை வாங்காமல் படுக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"மாப்பிள்ளை, மாப்பிள்ளை! வண்டி நிக்காது, ஏறுங்கோ! எதையாவது மறந்துட்டேளா?"

"இல்லை. அவளை இந்த நெலமையிலே விட்டுட்டுப் போக மனசு வரலை."

வண்டி போயிற்று. கொளுத்துகிற வெயிலில் கம்பளிக் கோட்டோடு நான் முன்னால் நடக்க, அவர் படுக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "பொண்டாட்டி மேல என்ன பிரியம் பாருங்கோ, கல்கத்தாவையே விட்டுட்டார்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நல்ல மனிதர்மேல் எனக்கு ஏன் கடைசிவரை ஆகவில்லை என்று உன் அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். காரணம் இதுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் என்னை ஊரறியப் புகழ்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கர்ப்பம் என்று எழுதினால், அதற்கென்ன, பிறந்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள், நீ கிளம்பு என்பார் என்று தெரியும். அதனால், குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டது, பலவீனமாக இருக்கிறது, நான் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று எழுதினேன். நீ மார்கழியில் பிறந்தாய், நிறைமாதமாக, கொழுகொழுவென்று. இப்போது புரிகிறதா? நீ பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே உன்மேல் பழியைப் போட்டுவிட்டேன். என் இடத்துக்கு வகுப்பில் இரண்டாவதாக வந்தவன் போனான். இன்று வடக்கே பெரிய பேராசிரியர். பத்திரிகையில் அவன் படம் வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அவனுக்கும் அந்தக் கட்டுரை முதலில் புரிந்திருக்காது. புரியவில்லை என்று அங்கே போய்ச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது. எனக்கு உன்னால்தான் நஷ்டம் என்று ஆகிவிட்டபின், உன்னைப் பார்க்கும்போது நஷ்டப்பட்டவனாகவே பார்க்கவேண்டியிருந்தது. உனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பட்டகக் கண்ணாடி கொண்டுவந்திருந்தேன். நீ அதை வாசலுக்கு எடுத்துப்போய், சுவரில் வானவில் விழுவதைத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒரு முனை உடைந்துவிட்டது. "நீ பொறக்கலேன்னா இதுமாதிரி ஒரு ரூம் நெறைய வெச்சிண்டிருப்பேன்" என்றேன். நீ அழவில்லை. "அப்போ நான் எங்கப்பா போறது?" என்று கேட்டாய். நான் உள்ளே போய்விட்டேன். நீ விஜயதசமியன்று சொன்ன அந்தப் பார்வை எதுவென்று எனக்குத் தெரியும். அதை உன்மேல் போட்டவன் நான்தான். ஆனால் அது சிறு வயதில் தகப்பனானதால் வந்த பார்வை அல்ல. பயந்து இறங்கியவன் அதை ஒப்புக்கொள்ளாததால் வந்தது. ஆகவே அது உனக்கு வராது. நீ பயந்தால் பயம் என்று சொல்கிறவன். பத்துப் பேர் சாப்பிடுகிற இடத்தில் சொன்னாயே.

இன்னொன்றையும் நான் மறைத்திருக்கிறேன். இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். நான் சந்தோஷமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் குக்கரஹள்ளி ஏரிக்குப் போவேனே, கரையில் இறங்கியதும், கல்லைச் சாய்த்து எறிந்தால் ஏன் தத்திப்போகிறது, பறவையின் நிழல் ஏன் அதற்கு முன்னால் போகிறது என்று நீ கேட்டுக்கொண்டே வருவாயே, அந்தக் கேள்விகளுக்குப் பதில் யோசித்ததைப் போல நான் வேறு எதையும் ரசித்து யோசித்ததில்லை. சொல்லப்போனால், கல்கத்தாவுக்கு ஆசைப்பட்டவனைவிட, பையன்களுக்குக் கண்ணாடி வில்லையை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பற்றவைத்துக் காட்டுகிறவன்தான் எனக்குப் பொருத்தமானவன். முப்பது பையன்கள் ஒரே சமயத்தில் "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வைக் கேட்கத்தான் இன்னும் பள்ளிக்கூடம் போகிறேன். ஆனால் ஏரியிலிருந்து திரும்பும்போது நம் தெருமுனையில் முகத்தை மாற்றிக்கொள்வேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் என் வழக்கு நிற்காதே! அண்ணாமேல் எனக்கிருக்கும் மனத்தாங்கலை அப்புறம் யார் மதிப்பார்கள்?

சரி, எப்போது பெற்றுக்கொள்வது? பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதற்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், வாத்தியார் சுற்றி வளைத்துவிட்டுத் தப்பிக்கிறார் என்பாய். இருபத்திரண்டு வயதில் தகப்பனான எனக்கு உன்னோடு ஓட முழங்கால் இருந்தது, பொறுமை இல்லை. உன் பெரியப்பாவுக்கு நாற்பது வயதில் ஒரு பிள்ளை பிறந்தான். அவருக்குப் பொறுமை நிறைய இருந்தது, அந்தப் பிள்ளை மாமரத்தில் ஏறினால் கீழே நின்று கத்தத்தான் முடிந்தது. இரண்டு பேரும் ஒரு மாதிரி வளர்த்தோம். நீயும் அவனும் மோசமாகப் போகவில்லை. ஆகவே வயதை வைத்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. யாருடைய காரணத்துக்காக என்பதை மட்டும் பார். உன் பெரியப்பாவின் பஞ்சாங்கத்துக்காக வேண்டாம். உன் அம்மாவின் வேண்டுதலுக்காகவும் வேண்டாம். அவள் ஏற்கெனவே மேல்கோட்டைப் பெருமாள் செல்வப்பிள்ளைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நஞ்சன்கூடு சிவன் கோயிலுக்கும் ஒரு நடை போய்வா என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, "நாங்க அங்கெல்லாம் போற வழக்கமில்லை" என்று முகத்தைத் திருப்பியவள், போன செவ்வாய்க்கிழமை மெல்ல வந்து, "ஏன்னா, நஞ்சன்கூடு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறாள்! பேரன் ஆசை வந்தால் நாமம் எது, விபூதி எது என்பதெல்லாம் போய்விடுகிறது. பத்மா பி.டி. முடிக்கவேண்டும் என்பது நல்ல காரணம். அவள் முடிக்கட்டும். அவளுக்கு அதற்குமேலும் வேறு எண்ணம் இருந்தால் அதைக் கேள். நான் உன் அம்மாவிடம் கேட்டதில்லை. என்னைப்போல் ஆகிவிடுவேனோ என்ற பயம் மட்டும் காரணமாக இருந்தால், அதை விட்டுவிடு. அது என் சொத்து. உனக்கு எழுதிவைக்க விரும்பவில்லை.

இதை எழுத உட்காருமுன் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வண்டியிலிருந்து நான் இறங்கியது அவளுக்காக அல்ல, பயத்தால் என்று சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். பிரியத்துல வந்தவர் மொகமா அது? பேயடிச்ச மாதிரி வந்து நின்னேள். அந்தக் கோட்டையாவது கழட்டுங்கோன்னு சொன்னேனே, ஞாபகமில்லையா?"

"ஏண்டி, இருபத்தாறு வருஷமா ஏன் சொல்லலை?"

"சொல்லி? நீங்க எறங்கி வந்தது எனக்குப் பிடிச்சிருந்தது. காரணம் எதுவானா என்ன?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "என்னைக் கேட்டிருந்தா நான் இன்னும் ரெண்டு வருஷம் வீணை கத்துண்டிருப்பேன். யாரு கேட்டா?" என்றாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருந்தது. எழுந்து போகும்போது, "பத்மாவை இனிமே நான் நச்சரிக்கலைன்னு எழுதுங்கோ" என்றாள். இரண்டடி போய்த் திரும்பி வந்து, "வேண்டாம், எழுதாதீங்கோ. என்னால முடியுமான்னு எனக்கே தெரியலை" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

முடிக்கும் இடத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் தானாகவே எழுதப் போயிற்று. சின்னவர்களுக்கு எழுதுகிற கடிதத்தை, புத்திர பௌத்திராதிகளோடு தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம் என்றுதானே நம் வீட்டில் முடிப்போம்? "புத்திர" என்று எழுதிவிட்டுத்தான் நிறுத்தினேன். இவ்வளவு சொல்லிவிட்டுக் கடைசி வரியில் பேரனைக் கேட்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அதை அடித்துவிட்டேன், அடித்த இடம் உனக்குத் தெரியும். அப்புறம் கையெழுத்து. இப்படிக்கு உன் தகப்பன் என்று போட்டால் இது தகப்பன் கடிதமாகிவிடும். அடுத்த வருஷமே உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அப்பா சொல்லித்தான் என்பார்கள். பிறக்காவிட்டால் அப்பாவே சம்மதித்துவிட்டார் என்பார்கள். நீயே ஒருநாள் பத்மாவிடம் இதை எடுத்துக் காட்டி, அப்பா எழுதியிருக்கிறார் பார் என்று பேச்சை முடித்துவிடலாம். நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிற இடத்தில் என் பேர் இருக்கவேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போடாமல் இப்படியே மடித்து, போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.